ஆளில்லாத ஏழாம் மாடி

“ஆக்களே இல்லாத அறையளுக்கு ஏனக்கா பின்னேரத்தில லைட் போடுறனீங்கள்?”

மெட்ரோவில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கசினோவைச் சுற்றியுள்ள இரு வேறு ஹோட்டல்களில் அறை துப்புரவாக்குபவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“மெல்லக் கதை. வெளியால பாக்கிறவைக்கு ஹோட்டல் நிறைஞ்சு கிடக்கிற மாதிரித் தெரியோணுமாம். மனேஜர் சொன்னவர். ஏழாம் மாடி முழுக்க நான்தான் போடுறனான்.”

“அங்க ஹோட்டல் கூடிப்போச்சு எண்டு நகரசபைக் கூட்டத்தில இண்டைக்குச் சொல்லப்போறன். உங்கட லைட்டையும் சொல்லுவன்.”

“விசரே உனக்கு? என்ரை வேலை போயிடும்.”

“புதுசா இன்னொரு ஹோட்டல் கட்டினா எங்கட ரெண்டு பேரின்ரை வேலையும் போயிடும். கட்டப்போறவை நகரசபைக்கு என்ன எழுதிக் குடுத்திருக்கினம் தெரியுமோ? பின்னேரத்தில எல்லா யன்னலும் வெளிச்சமாம், வாற சனத்துக்கு அறை காணாதாம். படமும் வைச்சிருக்கினம். உங்கட ஏழாம் மாடி, அக்கா.”

கசினோவுக்கு இறங்கும் நிலையத்தில் கதவு திறந்தது.

“அக்கா, இறங்கேல்லையோ? லைட் போடோணுமெல்லோ?”

மூத்தவர் பையை மடியில் இறுக்கிப் பிடித்தார். கதவு மூடியது.

“கிடக்கட்டும் இருட்டில.”