மேற்குக் கோல் கம்பங்கள் குறித்து கமருன்னிசா எழுதிக் கொடுத்தது

காரைக்கால், 1956-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல்.

என் பெயர் கமருன்னிசா. வயது பதினாறு. தகப்பனார் பெயர் சேக் பரீது, கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். தாயார் பெயர் சுல்தான் பீவி. காரைக்கால் பட்டணத்தில், முன்னால் தெருவும் பின்னால் சந்துமாக இரண்டு பக்கமும் வாசல் உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். நான் ஏழாம் வகுப்பு பாதியில் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். தமிழ் எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். அந்நிய ஆண்களுக்கு முன்னால் வந்து எனக்குப் பழக்கமில்லை, பேசினால் குரலும் எழும்பாது. ஆகையால் இன்ஸ்பெக்டர் ஐயா முன்கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் திரைக்கு உட்பக்கம் இருந்து இதை என் கையால் எழுதுகிறேன். அவர் கேட்பதை உம்மா வந்து எனக்குச் சொல்கிறார். என் சிநேகிதி அந்தோணிமேரி பக்கத்தில் இருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இன்ஸ்பெக்டர் ஐயாவை அழைத்து வந்தவள் அவள்தான். யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

என் அண்ணன் நூகு ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் லாக்கப்பில் இருக்கிறார். நட்சத்திரக் கால்பந்து சங்கத்தின் கோல் கம்பங்களைத் திருடினார் என்பது அவர் மேல் உள்ள புகார். அவர் திருடவில்லை. நாளை அவரைக் கோர்ட்டில் நிறுத்தப் போவதாகத் தெரிகிறது. துறைமுக ஆபீசில் பியூன் வேலைக்கு அவர் பெயர் போயிருக்கிறது. கோர்ட்டு வழக்கு உள்ளவருக்கு அந்த வேலை கிடைக்காது என்று சொல்கிறார்கள். அதற்காகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நட்சத்திர சங்கத்தில் என் அண்ணன் கோல் கீப்பர். அரசலாற்றுக் கரையில் படகு பழுது பார்ப்பது அவர் தொழில். வாப்பா ஆடுகிறவர் அல்ல, ஆனால் எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடையை மூடியபின் சங்கத்தின் மேல் பிரியமுள்ள ஆட்கள் எங்கள் முன்கூடத்தில் கூடிப் பேசுவார்கள். நான் தேநீர் போட்டுத் தட்டைத் திரைக்கு அடியில் தள்ளிவிடுவேன், உம்மாவோ அண்ணனோ எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் முகங்கள் எனக்குத் தெரியாது. அந்தோணிமேரியின் தகப்பனார் அடைக்கலராஜ் மாமாவை மட்டும் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். மற்றவர்களைக் குரலால் அறிவேன்.

முன்பெல்லாம் அந்தப் பேச்சு ஆட்டத்தைப் பற்றியே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகு சங்கத்துக்கு வந்துகொண்டிருந்த சர்க்கார் உதவி நின்றது. அதன் பிறகு சைகோனில் கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் வருஷா வருஷம் அனுப்பி வந்த பணமும் நின்றது. அவரே கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு சென்ற வருஷத்துப் புயலில் மைதானத்தின் மேற்குப் பக்கத்துக் கோல் முறிந்து விழுந்தது. காரியதரிசி சிவசுப்பிரமணியன் அவர்கள், நீலகண்டன் என்பவருடைய மரக்கடையில் கடனுக்கு மரம் எடுத்து அதை நிறுத்தினார். கடன் அடைபடவில்லை. இந்த வருஷம் முன்கூடத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆட்கள் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டுப் போனார்கள்.

சென்ற 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் கூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம் குழுவோடு டிக்கெட் வைத்து ஆட்டம் நடப்பதாக இருந்தது. அந்த வசூலில்தான் மரக்கடைக் கடனை அடைக்க வேண்டும் என்று பேச்சு. அப்போது அடைக்கலராஜ் மாமா, கோர்ட்டுப் பக்கம் ஒரு சேதி கேட்டதாகவும், ஞாயிறு காலை நீலகண்டன் ஆளோடு வந்து கம்பத்தை ஜப்தி செய்யப் போவதாகவும் சொன்னார்.

"உய்சியே வந்துட்டா நம்மால தடுக்க முடியாது பாய்" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டு அமீனாவுக்கு அதுதான் பெயர்.

"உய்சியே எங்கேருந்து வருவான்? அவன் பாரீசுக்குக் கப்பலேறியாச்சு. இப்ப அமீனான்னு சொல்லுங்க" என்று வாப்பா சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

"பேரு எதுவா இருந்தா என்னங்க, கம்பத்தத் தூக்கிட்டுப் போறது போறதுதானே."

"கம்பம் நீலகண்டனுது. கிரவுண்டு சர்க்காருது. நல்லா ஆடுற மூணு பேர நாகப்பட்டினத்தான் கூப்புட்டுக்கிட்டு இருக்கான். அப்ப கிளப்புன்னு எதத்தான்யா சொல்றது?" என்று ஒரு குரல் கேட்டது.

"கத்துற தொண்ட நம்மளுது" என்றார் அடைக்கலராஜ் மாமா.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு காரியதரிசியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் அடிக்கடி மரக்கடைக்குப் போய்வருவதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் கம்பங்களைப் பிடுங்கி எங்காவது வைத்துவிட்டு, ஞாயிறு மத்தியானம் ஆட்டத்துக்கு முன்னால் திரும்ப நட்டுவிடலாம் என்று பேசினார்கள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பின்சந்தில் வைக்கலாம் என்று சொன்னவர் என் வாப்பா. அந்தச் சந்து எங்கள் தெருப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் வழி. அங்கே ஆண்கள் வருவதில்லை. "பொம்பளைங்க பொழங்குற எடத்துல எந்த அமீனா வந்து தேடுவான்?" என்று வாப்பா சொன்னார்.

என் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஞாயித்துக்கெழம ஆட்டத்த வச்சிக்கிட்டு சனிக்கெழம கோலப் புடுங்குவாங்களா வாப்பா? கேக்குறவன் சிரிக்க மாட்டானா?" என்றார். "நீ பந்தப் புடி, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று வாப்பா சொன்னார். அண்ணன் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை அண்ணன் காலையிலேயே ஆற்றங்கரைக்கு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வாப்பா கடையிலிருந்து வந்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அண்ணனுடைய கடப்பாரை சாத்தியிருந்தது. வாப்பா அதை எடுத்துக் கோணியில் சுற்றிக்கொண்டு போனார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், கண்ணால் பார்த்தேன். (இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. உம்மா எழுது என்று சொன்னார். எழுதுகிறேன்.)

அதன் பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில் பின்வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. சந்தில் இருந்த பெண்களை உள்ளே போகும்படி உம்மா வந்து சொன்னார். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மூன்று மரங்களையும் சேர்த்துக் கட்டி, மேலே வெள்ளைத் துணியும் மஞ்சள் துணியும் சுற்றித் தோளில் கொண்டுவந்தார்கள். மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றும் சமயம் ஆனதால், கொடிமரம் கொண்டுபோவதுபோல் கடைத்தெரு வழியாகவே வந்திருக்கிறார்கள். வழியில் ஒரு கிழவி மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் என்றும், ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டார் என்றும் அடைக்கலராஜ் மாமா சொன்னார். "மாதா மன்னிச்சுக்குவா பாய், அவளும் நம்ம டீமுதான்" என்றார். வாப்பா அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

துணிகளை அவிழ்த்துவிட்டு இரண்டு மரங்களைச் சுவர் ஓரம் கிடத்தினார்கள். குறுக்கு மரத்தை எங்கள் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் சாய்வாக ஏற்றி வைத்தார்கள். அவர்கள் போனபின், வாப்பா சொன்னதன் பேரில் நானும் உம்மாவும் அதன்மேல் எங்கள் சேலைகளையும் தாவணிகளையும் காயப் போட்டோம். கடப்பாரை திரும்பி வரவில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் இருட்டியபின் வந்தார். பின்வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் மேற்குக் கோல் இல்லாததைப் பார்த்த காரியதரிசி போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். மத்தியானம் அடைக்கலராஜ் மாமா ஓடிவந்து, மைதானத்தில் போலீஸ் நிற்கிறது, நீலகண்டனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், இப்போது கம்பத்தைக் கொண்டுபோனால் கையும் களவுமாகப் பிடித்து ஜப்தி செய்துவிடுவார்கள் என்று சொன்னார். வாப்பா கொஞ்சம் பொறுப்போம் என்றார். அண்ணன், "நான் தூக்கிட்டுப் போறேன், எவன் வேணா புடிச்சிக்கட்டும்" என்று பின்பக்கம் போனார். வாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பம் போனா கிளப்பு போச்சு நூகு, அப்புறம் நானும் இல்ல" என்றார். அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு வெறுங்கையோடு மைதானத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்தோணிமேரி வழியாகக் கேள்விப்பட்டது இது. நாகப்பட்டினம் குழு பஸ்ஸில் வந்து இறங்கியது. டிக்கெட் வாங்கிய ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். ஒரு பக்கம் கோல் இல்லாமல் எப்படி ஆடுவது என்று கூச்சல் எழுந்து வேலித் தட்டிகளைப் பிடுங்கினார்கள். டிக்கெட் பணம் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. அது யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, என் அண்ணன் தன்னுடையது என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. நாகப்பட்டினத்தார் அவரை அழைத்திருப்பது ஊருக்குத் தெரியும் ஆகையால், போகிறவன் கிளப்பைக் கெடுத்துவிட்டுப் போகிறான் என்று ஜனங்கள் ஏசினார்களாம். அவர் போக ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் அழைத்து எழுதிய கடிதத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார், அதன் பிறகு அடுப்பில் போடச் சொன்னார்.

நீலகண்டன் அவர்கள் ஜப்திக்கு வரவில்லை என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்து பணம் வாங்கிக்கொள்வதாக அவர் காரியதரிசியிடம் முன்பே ஒத்துக்கொண்டாராம். பதிலுக்கு மரக்கடையின் பெயர்ப்பலகையை மைதானத்தில் மாட்ட வேண்டும் என்றாராம். ஆட்கள் கேலி செய்வார்கள் என்று காரியதரிசி அதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீலகண்டன் வந்தது முதல் பந்தை உதைப்பதற்காக. புது வேட்டி கட்டி வந்திருந்தாராம்.

அன்று இரவும் நேற்றும் வாப்பா சாப்பிடவில்லை. போலீஸ் நிலையத்துக்கு எதிரே போய் நின்றுவிட்டு நின்றுவிட்டு வந்தார். நேற்று ஆட்கள் வந்தபோது வாப்பா, "அவன் வாயத் தொறக்க மாட்டான். ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. வசூலும் போச்சு, இப்பக் கம்பத்தக் காட்டுனா நீலகண்டன் எடுத்துக்குவான். மரத்த அறுத்துட்டான்னா பொறவு வராது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அடைக்கலராஜ் மாமா மட்டும், "பாய், புள்ள பாய்" என்றார். அண்ணனுக்கு எடுத்து வைத்த சோற்றை உம்மா இரண்டு வேளையும் மூடி வைத்து, காலையில் கோழிக்குப் போட்டார்.

இன்று காலை அந்தோணிமேரி வந்து, நாளை கோர்ட்டு என்று சொன்னாள். வாப்பா கடைக்குப் போனபின், நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று நான் உம்மாவிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டரை அழைத்து வர அவளை அனுப்பு என்றார் உம்மா.

இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்குப் பதில்: கம்பங்கள் இப்போதும் பின்சந்தில் இருக்கின்றன. எடுக்க வரும்போது முன்னால் சொல்லியனுப்பினால் துணிகளை எடுத்துக்கொண்டு பெண்கள் உள்ளே போய்விடுவோம். சங்கம் இனி என்ன ஆகும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் என் அண்ணன் என்னோடு பேசாமல் இருக்கலாம். அவர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

இவ்வளவு எழுதியபோது வாப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். திரைக்கு உள்ளே வந்து என்னிடம் காகிதத்தைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே முதலிலிருந்து படித்தார். கடப்பாரை பற்றி எழுதியிருக்கும் இடத்தை இரண்டு தரம் படித்தார். அதன் பிறகு, "கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "போடு புள்ள. எனக்கும் எடம் விடு" என்றார்.

நான் கண்டதைக் கண்டதாகவும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறேன். கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. படித்துப் பார்த்துச் சரியென்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

கமருன்னிசா

கூட இருந்தவர்கள்: சுல்தான் பீவி (கைநாட்டு), அந்தோணிமேரி

என் மகள் எழுதியது அத்தனையும் நிஜம். கம்பத்தைப் பிடுங்கச் சொன்னதும் கடப்பாரை எடுத்துப் போனதும் நான். நூகு அல்ல. அவனை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளவும்.

சேக் பரீது