நூற்றெண்பது நாள் அவகாசம்

மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், ஐயா. ஆனால் தீர்ப்பின் நகலை வாங்கப் போன அன்று நீதிமன்றத்தின் நான்கு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அப்படியொரு குஷி.

எங்கள் கம்பெனி மின்கம்பி தயாரிக்கிறது. வெளிநாட்டுக்காரர்களிடம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியிருந்தோம். அந்தப் பத்திரங்கள் என் பொறுப்பு. இரண்டு தவணை வட்டி தவறியதும் வழக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள் பக்கம் ஏழு வக்கீல்கள். எங்கள் பக்கம் ஒருவர், அவருக்கும் ஃபீஸ் பாக்கி. கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான் என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

ஒப்பந்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். கையெழுத்துப் போட்டவர்களே அதை முழுதாகப் படித்ததில்லை. நான் படித்தேன். கடைசிப் பக்கங்களில் ஒளிந்துகொண்டு இரண்டே வரி: கம்பெனியின் கைமீறிய விபத்தால் தொழில் நின்றால், தவணைக்கு நூற்றெண்பது நாள் அவகாசம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

ஆக, ஒரு விபத்து வேண்டும். கிடங்கில் பழைய ஒயர்கள், அட்டைப் பெட்டிகள். தீப்பிடிக்கக் கேட்கவா வேண்டும்? ஆனால் கடன்காரனின் கிடங்கு ஆளில்லாத நேரத்தில் எரிந்தால் ஊரே கண்ணடித்துச் சிரிக்கும். அழுவதற்கு ஒரு வீடு இருந்தால்தான் நம்புவார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையை இதில் இழுப்பது பாவம் இல்லையா? கிடங்குப் பொறுப்பாளன் என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

சரக்கு எண்ணவேண்டும் என்று ஞாயிறு மதியம் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை கூடவா, அத்தான்?”

“அரை மணி நேரம்தான்டா. முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வா. அக்கா உனக்காக சமைச்சு வச்சிருக்கா.”

சீழ்க்கையடித்தபடி உள்ளே போனான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். புகை எழுந்ததும் கொஞ்ச நேரம் தட்டினான். கடைசிவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டான், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தங்கமான பிள்ளை. சத்தம் நின்றதும் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த விசாரணையில் அந்த ஏழு பேரும் எழுந்து நின்று இரங்கல் சொன்னார்கள். அவகாசத்துக்கு எதிர்ப்பு இல்லை என்றார்கள். சிரிப்பு வந்துவிடுமோ என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அன்று வீட்டில், “போனவன் நம்ம சோத்துல மண் விழாம காப்பாத்திட்டுப் போயிருக்கான்” என்று மனைவி தேம்பினாள். ஆமாம் என்றேன்.

உங்கள் மேஜையில் இருக்கிற கடிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தீக்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமை, அது என் கைக்கு வந்துவிட்டது. வழக்கைத் திரும்பப் பெறுகிறோம், ஒரு வருஷம் அவகாசம் தருகிறோம், ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள் என்று அந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். யாரிடமும் காட்டவில்லை.

அந்த ஒரு வருஷம் அவர்களாகப் பார்த்துப் போடுகிற பிச்சை, ஐயா. நூற்றெண்பது நாள் நான் சம்பாதித்தது.