சாயப்பட்டறையில் விழுந்த பெட்டி

—உங்க வாட்ச்மேன் என்னை இந்த ஆபீஸ் ரூமைத் தாண்டி உள்ள விடமாட்டேங்கிறான். மேனேஜர் பொண்டாட்டின்னு சொன்ன பிறகும்! நீங்க சொல்லி வெச்சீங்களா?

—கத்தாதே. வெளிய நாலு பேர் உக்காந்திருக்காங்க. பட்டறைக்குள்ள வெளியாள் வரக்கூடாதுன்னு ரூல்ஸ்.

—ஓ, நான் வெளியாளா?

—சொல்றதைக் கேளு. முதல்ல உக்காரு. இன்னைக்கு ஸ்கூல் இல்லையா உனக்கு?

—ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு காலைல சொல்லிட்டுத்தானே கிளம்பினேன்? என் பசங்க பலூன் விடற நாள். வருஷம் பூரா ஒட்டி ஒட்டிச் செஞ்ச பெட்டி. ஏரோப்ளேன் போற உயரத்துக்கும் மேல போயி, பலூன் வெடிச்சு, பாராசூட்ல இறங்குச்சு. இறங்கின இடம் உங்க பட்டறை.

—இங்க ஒண்ணும் விழலையே.

—பெட்டிக்குள்ள ரேடியோ இருக்குங்க. தான் எங்க இருக்கேன்னு அதுவே சொல்லிட்டு வரும். என் தம்பி கார் மேல ஆன்டெனாவை மாட்டிக்கிட்டு அது பின்னாலயே வந்தான். உங்க பின்சுவர் ஓரத்து மரத்துல வந்து மாட்டிச்சு. கொஞ்ச நேரத்துல சத்தம் செத்துப்போச்சு.

—உன் தம்பிக்கு வேற பொழப்பு இல்ல. கல்யாணம் பண்ற வயசுல கம்பியைத் தூக்கிட்டு, 'ஹலோ, கேக்குதா, கேக்குதா'ன்னு...

—என் தம்பியை விடுங்க. பெட்டியை எடுங்க.

—சரி, சரி. பீரோவுல இருக்கு. வாட்ச்மேன் வெடிகுண்டுன்னு பயந்துட்டான்.

—மேல கொட்டை எழுத்துல 'மாணவர் சோதனை, ஆபத்தில்லை'ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ என் போன் நம்பர். முன்னப்பின்ன தெரியாதவன் கைல கிடைச்சிருந்தாக்கூட இந்நேரம் எனக்குப் போன் வந்திருக்கும். கட்டின புருஷன் கைல கிடைச்சுது, பீரோவுக்குள்ள போயிடுச்சு!

—சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வரலாம்னு இருந்தேன். இந்தா. எடுத்துட்டுக் கிளம்பு.

—ஆன்டெனாக் கம்பி வெட்டியிருக்கு.

—மரத்துல சிக்கி அறுந்திருக்கும்.

—உள்ள இருக்கிற கேமராவுல படம் பதியிற கார்டு இல்ல.

—விழுந்த வேகத்துல தெறிச்சிருக்கும்.

—தெறிச்ச கார்டு, போற போக்குல மூடியைச் சாத்தி, ஸ்க்ரூவையும் முறுக்கிட்டுப் போச்சாக்கும்?

—என்ன நக்கலா? மேகத்தையும் வெயிலையும் படம் எடுத்ததுக்கு இந்த ஆர்ப்பாட்டமா? அவ்வளவு உயரத்துலருந்து பைப்பு கியிப்பு எல்லாம் ஒண்ணும் தெரியாது.

—பைப்பா? நான் பைப்பைப் பத்திப் பேசவே இல்லையே.

—இல்ல... பொதுவாச் சொன்னேன்.

—எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன். எந்தப் பைப்புங்க?

—சொல்றதைக் கேளு. தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் ரிப்பேர். சரியாகிற வரைக்கும் சாயக்கழிவைப் பைப்பு வழியாப் பின்னால ஓடைல விடறோம். முதலாளி பட்டறையை நிறுத்தக் கூடாதுங்கிறார்.

—எப்பலருந்து?

—மழைக்கு முன்னாலருந்து.

—மழைக்கு முன்னால! ஓடைத் தண்ணி கறுக்குதுன்னு என் பசங்க பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு வந்து என் மேஜை மேல வெச்சாங்க. 'எங்க வீட்டுக்காரர் இருக்கிற இடத்துல ஒரு சொட்டு வெளிய விடமாட்டாங்க'ன்னு சொல்லி அதை நான்தான் கொட்டினேன். கொண்டு வந்த பொண்ணுக்கு முழங்கை வரைக்கும் சொறி. வாய்க்கு வந்தபடி பேசாதேன்னு அவளைத் திட்டி உக்கார வெச்சேன். யாருக்காக? உங்களுக்காக.

—நான் என்ன ஆசைப்பட்டா பண்றேன்? பட்டறையை நிறுத்தினா இத்தனை பேர் வீட்டுல அடுப்பு எரியாது. நம்ம வீட்டுலயும்தான்.

—ஓடையோரத்து வீடுகள்ல அடுப்பு எரியுதுங்க. அதுல கொதிக்கிறது உங்க சாயத்தண்ணி.

—போதும் நிறுத்து! வகுப்புல எடுக்கிற பாடத்தை எனக்கு எடுக்காதே. ஆமா, கார்டை நான்தான் எடுத்தேன். பாய்லர்ல போட்டேன். சாம்பலாயிடுச்சு. இப்ப என்ன பண்ணப் போறே?

—பண்றதையும் பண்ணிட்டு இந்தக் குரல் வேற.

—சரி, அழாதே.

—அழலை. ஆத்திரத்துல கண்ணு எரியுது.

—பசங்ககிட்ட கார்டு தெறிச்சு விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. அடுத்த வருஷம் இன்னொரு பலூன் விட்டாப் போச்சு. ஒரே ஒரு பொய், குடும்பத்துக்காக.

—எனக்கு வேற வழி ஒண்ணு தோணுது. இப்பவே என்கூட ஸ்கூலுக்கு வாங்க. இதை உங்க வாயாலயே பசங்ககிட்ட சொல்லுங்க. இன்னைக்கே பைப்பை அடைக்கிறேன்னு சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலயே நிக்கிறேன். வேலை போனாப் போகட்டும். கூழோ கஞ்சியோ சேர்ந்து குடிப்போம்.

—பைத்தியமா உனக்கு? எவனுக்கும் தெரியாததை நானே போய் மேடை போட்டுச் சொல்றதா?

—கடைசியாக் கேக்கிறேங்க. எனக்காக வரமாட்டீங்களா?

—வரமாட்டேன். ஆதாரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கிளம்பு நீ.

—பெட்டி தொலைஞ்சாலும் படம் தொலையக் கூடாதுன்னு, எடுக்கிற படத்தையெல்லாம் அப்பப்ப ரேடியோவுல கீழ அனுப்புற மாதிரிதாங்க அதைச் செஞ்சோம். மரத்துல தொங்கினப்பவும் அனுப்பிட்டேதான் இருந்துச்சு. என் தம்பி பிடிச்சு ஸ்கூலுக்கு அனுப்ப, ஹால்ல திரை போட்டு எல்லாரும் பாத்தோம். கடைசியா வந்தது, ஏணி மேல ஏறி நிக்கிற உங்க முகம். 'டீச்சர், சார் நம்ம பெட்டியைக் காப்பாத்திட்டார்'னு பசங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. தட்டி ஓஞ்சு, உங்க பின்சுவரும் ஓடையும் விழுந்திருந்த முந்தின படங்களைப் பெரிசு பண்ணிப் பாக்க ஆரம்பிச்சப்பதான் நான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.