தவிட்டு மூட்டை

இங்கே கொடுக்கிற தேநீரில் புதினா கொஞ்சம் குறைச்சல். குறையாகச் சொல்லவில்லை அம்மா, தீவில் நானே போட்டுக் குடித்துப் பழகிய நாக்கு, அவ்வளவுதான். நீங்கள் எங்கள் கெர்க்கென்னா தீவுக்கு வந்திருந்தால் முதலில் ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, விசாரணையெல்லாம் அப்புறம் என்று சொல்லியிருப்பேன். நீதிபதி என்றாலும் நீங்களும் சிரித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சிரிக்காமல் திரும்பிப் போனவர் கிடையாது. திரும்பிப் போனவர் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது, பாருங்கள்.

அடிபட்ட ஆட்களுக்காக எங்கள் துறைமுகச் சங்கம் வாங்கிய வீடு அது. சரக்கு ஏற்றி இறக்கும்போது விழுந்தவன், நசுங்கியவன், இரும்புக் கயிறு அறுந்து தோள் போனவன், எல்லோரும் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்ததும் படகேறி என்னிடம் வருவார்கள். நீவிவிடுவது, நடக்கப் பழக்குவது, சமைப்பது, எல்லாம் நான்தான். நானும் மூட்டை தூக்கியவன். இடுப்பு உடைந்து அங்கே வந்தேன், குணமானேன், அக்கரையில் எனக்கென்று யாரும் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டேன். என் கைராசியைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

எவ்வளவு ஆட்டம் போட்டோம் தெரியுமா அம்மா. காலை மருந்து முடிந்ததும் நடையில் சக்கர நாற்காலிப் பந்தயம். தோற்றவன் ஷ்கொபா சீட்டாட்டத்தில் முதல் கையை விட்டுக்கொடுக்க வேண்டும். முழங்கால் நொறுங்கிய ஹஸ்ஸூனா என்று ஒரு கிரேன்காரன் இருந்தான், காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரி மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவான். ஒரு நாள் குஸ்குஸோடு ஆக்டோபஸ் சமைத்திருந்தேன். தட்டைத் தூக்கி உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்கு எட்டு காலு. எனக்கு ஒண்ணு கடனா குடுக்கச் சொல்லேன்."

"உனக்குக் குடுத்தா நீ அதையும் உடைச்சிட்டு வருவ" என்றான் தோளில் கட்டுப் போட்ட லாமின்.

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரை ஏறியது. கட்டுப் போட்ட இடமெல்லாம் வலிக்கிறது, நிறுத்துடா என்று கெஞ்சினார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் என் கைராசியே எனக்கு எதிரி. நான் நீவினால் ஆள் எழுந்து நடந்துவிடுவான். நடந்தால் போய்விடுவான். பெருநாளைக்கு வருகிறேன் அண்ணே, மீன் கொண்டுவருகிறேன் அண்ணே என்று கட்டிப்பிடித்துச் சொல்வார்கள். ஒருவனும் வந்ததில்லை. நோயாளியாகக் கிடந்த இடத்தைக் குணமானவனுக்குப் பிடிப்பதில்லை. படகு போனபின் நான் காலிக் கட்டிலின் விரிப்பை உதறுவேன். அந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இனி மூட்டைக்கு வருகிறேன். துறைமுகத்தில் டாக்டரின் சான்றிதழை யாரும் மதிப்பதில்லை. குணமானவன் தோளில் ஒரு மூட்டையை ஏற்றி முற்றத்தைச் சுற்றி வாசல்வரை நடந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் தர்புக்கா மேளம் அடித்துப் பாடுவார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் அவன் மறுபடி துறைமுகத்து ஆள். நடுவில் மூட்டையை இறக்குவது பெரிய அவமானம். கனக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது அதைவிடப் பெரிய அவமானம். வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஸுஹைரா இதைக் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். நிறுத்தச் சொன்னால் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. சடங்கு நடக்கட்டும், ஆனால் உள்ளே வெறும் தவிடு.

"மூட்டையை நீங்கதான் கட்டணும், புபக்கர். இவங்கள நம்ப முடியாது" என்றார்.

"என்கிட்ட விட்டுடுங்க டாக்டரம்மா" என்றேன்.

ஆரம்பத்தில் தவிடுதான் போட்டேன். ஹஸ்ஸூனா போகிற நாள் வந்தபோது எனக்குள் ஒரு நியாயம் தோன்றியது. மலை மாதிரி மனுஷன், அவன் தோளில் தவிட்டை ஏற்றுவது அவனையே கேலி செய்வது போல. கொஞ்சம் கடற்கரை மணலை ஈரத்தோடு அள்ளி நடுவில் வைத்துச் சுற்றிலும் தவிட்டை அடைத்தேன். அவன் மரியாதைக்காகத்தான் செய்தேன். பாதி முற்றம் போனதும் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். தவிட்டு மூட்டையைத் தூக்க முடியவில்லை என்று எந்தத் துறைமுகத்துக்காரன் வெளியே சொல்வான்? தானாகவே கட்டிலுக்குத் திரும்பினான். கொஞ்ச நாள் முகத்தைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தான். அப்புறம் நான் நீவ நீவச் சரியாகி, அவன் மூக்கில் காப்பீட்டு அதிகாரி திரும்பி வந்தார். வீடே குலுங்கியது. நான் சமையலறையில் தனியாக ஆடினேன் அம்மா. இந்த வயதில், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு.

அப்புறம் லாமின். அவன் தோள் மறுபடி கழன்றது. பிறகு வேறு சிலர், திரும்ப ஹஸ்ஸூனா. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீடு கல்யாண வீடாக இருந்தது. நான் யாரையும் தள்ளிவிடவில்லை. சோதித்தேன். அந்தச் சுமை தாங்காத உடம்பு கப்பலுக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு வகையில் நான் அவர்களைக் காப்பாற்றினேன்.

ஷத்லியைப் பற்றித்தானே நீங்கள் கேட்டீர்கள். பஞ்சுப் பொதி சரிந்து முதுகெலும்பு நசுங்கி ஸ்ட்ரெச்சரில் வந்தான். கால் இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தீவைச் சுற்றிக் கடல் ஆழமில்லாதது, எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதான். தினமும் அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் நிறுத்தி நடக்க வைத்தேன். முதல் அடி வைத்த அன்று இருவரும் துணியோடு விழுந்து புரண்டு சிரித்தோம். அவன் சிரிப்பு தனி. முதலில் தோள் குலுங்கும், சத்தம் பின்னால் வரும். ஹஸ்ஸூனாவே அவனைச் சிரிக்க வைப்பதற்காக மெனக்கெட்டான்.

அவன் மனைவி மப்ரூக்காவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. பிரசவத்துக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவனுக்கு நினைப்பு.

"எம் புள்ளையத் தூக்கணும்னா முதல்ல உங்க மூட்டையத் தூக்கணுமாண்ணே?"

"புள்ள இதைவிட கனம்டா. இதுல பழகிக்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனை அழைத்துப்போக அவளே வயிற்றைத் தாங்கிக்கொண்டு படகில் வந்துவிட்டாள். வாசலில் நின்று குலவையிட்டாள். பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள், எனக்கென்று தனியாக. மூட்டையில் அன்று வழக்கத்தைவிட அதிகம் வைத்திருந்தேன். அவன் பலமாக இருந்தான், வேறு வழியில்லை. அந்தப் பலம் நான் கொடுத்தது.

தோளில் ஏற்றியதும் அவன் என்னைப் பார்த்தான். கனம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொண்டான், முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் சிரித்தான். மேளத்துக்கு ஏற்றபடி இரண்டு அடி ஆடிக்கூடக் காட்டினான், மனைவி பார்க்கிறாள் என்று. வாசலுக்குப் பக்கத்தில் முதுகில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை.

"மன்னிச்சிருண்ணே" என்றான் கிடந்தபடி. "இறக்கிட்டேன்."

மூட்டை கிழிந்து தவிடு பறந்தது, அப்புறம் ஈரமணல் கொட்டியது. மேளம் நின்றது. யாரும் என்மேல் கைவைக்கவில்லை. ஹஸ்ஸூனா மணலைப் பார்த்தான், குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஷத்லி இனி நடக்க மாட்டானாம். பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னார்கள். சந்தோஷம். குழந்தையைப் படுத்துக்கொண்டே மார்பில் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் கால் எதற்கு?

ஆமாம் அம்மா, நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொருவன் உடம்பும் எதுவரை தாங்கும் என்று என் கைக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு பிடி வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். வெறுப்பில் செய்யவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்களை நான் எவ்வளவு நேசித்தேன் என்று யாருக்கும் தெரியாது.

இங்கேயும் எனக்குக் குறையில்லை. எங்கள் சிறை அறையில் தாயிப் என்று ஒரு கொத்தன் இருக்கிறான், அருமையாகப் பாடுவான். கையில் சுளுக்கோடு வந்தான், நான் நீவிச் சரியாக்கிவிட்டேன். அடுத்த வாரம் அவனுக்கு விடுதலை. எங்கள் துறைமுகச் சடங்கைச் சொன்னேன், எல்லோருக்கும் ஒரே உற்சாகம், அவனை அப்படித்தான் வழியனுப்ப வேண்டும் என்கிறார்கள். நீங்கள் மனது வைத்தால் ஒரு காலி மூட்டை கிடைக்குமா அம்மா? உள்ளே வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.