மூன்றாவது அடைக்கலம்

— அந்த ஜன்னலையும் சாத்து. கொண்டியப் போடு, ஐரின்.

— பட்டப்பகல்ல ஜன்னலச் சாத்தி, ஃபேனையும் நிப்பாட்டிட்டு உக்காந்தா வெந்துதான் சாகணும். என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லித் தொலைங்க.

— மெதுவாப் பேசு. பைக் சத்தம் கேக்குதா?

— தண்ணி கேன் போடுற வண்டி அது.

— நல்லாப் பாரு. இல்ல, பாக்காத. திரைய விலக்காத.

— என்னங்கன்னு கூப்பிடுற வாயால ஜெர்சன்னு பேரச் சொல்லிக் கூப்பிட வச்சிராதீங்க. காலைல எட்டு மணிக்கு வந்தீங்க. காரை வாசல்ல விடாம பின்னாடி சந்துல விட்டு, மேல சேலையப் போட்டு மூடுனீங்க. அது என் சேலை. கேட்டதுக்கு நைட் ஷிஃப்ட் அசதின்னீங்க. இப்ப மணி பன்னெண்டு. சொல்லுங்க.

— ஒருத்தர் மேல ஏத்திட்டேன்.

— என்னது?

— அலங்காநல்லூர் ரோட்டுல. ஷிஃப்ட் முடிஞ்சு, கூட வேலை பாக்குற டோனிய அவன் வீட்டுல இறக்கி விட்டுட்டுத் திரும்பி வாரேன். ஆறரை மணி இருக்கும். கண்ணு சொருகிருச்சு. சைக்கிள்ல புல்லுக்கட்டு வச்சு ஒரு பெரியவரு. புல்லுதான் தெரிஞ்சுச்சு, ஆளு தெரியல. சத்தியமாத் தெரியல.

— நிறுத்துனீங்களா?

— கண்ணாடில பாத்தேன்.

— நிறுத்துனீங்களான்னு கேக்குறேன்.

— எந்திரிக்கப் பாத்தாரு, ஐரின். கைய ஊண்டுனாரு. எந்திரிச்சிருவாருன்னு நினைச்சேன், சத்தியமா.

— கண்ணாடில பாத்துட்டு வந்துட்டீங்க.

— பத்து மணிக்கு ஆஸ்பத்திரில செத்துட்டாரு. மொக்கையன்னு பேரு.

— பேரு எப்படித் தெரியும்?

— அவரு மகன் போன் பண்ணான். ஓட்டுனது யாருன்னு யாரும் பாக்கல. ஆனா டீக்கடைல நின்ன ஒருத்தன் வண்டி நம்பரைப் பாத்துட்டான். அத வச்சு யாரு மூலமாவோ வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் எடுத்துட்டாங்க.

— வண்டி என் பேர்லல்ல இருக்கு.

— போன் நம்பர் என்னுது.

— என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

— ராங் நம்பர்னு சொன்னேன்.

— நம்புனானா?

— ‘வாரோம்’னான். அம்புட்டுதான். திட்டல, கத்தல. அதான் ஜன்னலச் சாத்தச் சொன்னேன்.

— எந்திரிங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்.

— போற வழிலயே மறிச்சிருவாங்க. சத்தியமாச் சொல்றேன், ஸ்டேஷன் வாசல்லயும் அவங்க ஆளுக நிப்பாங்க.

— அப்ப நான் போயிப் பேசுறேன். அந்த வீட்டுலயும் பொம்பளைக இருப்பாங்க. கால்ல விழுந்துட்டு வாரேன்.

— வேண்டாம்! நீ வெளிய தலையக் காட்டாத. உன்னய அவங்க பாக்கவே கூடாது.

— எம்மேல இம்புட்டு அக்கறை என்னைக்கு வந்துச்சு? சரி, விளாங்குடிக்குப் போன் போட்டு எங்க அண்ணனை வரச் சொல்றேன்.

— போனைக் கீழ வை. அவரு வந்து வாசல்ல சத்தம் போட்டா இன்னும் கெட்டுப் போகும். கொஞ்ச நேரம் என்னய யோசிக்க விடு. அந்த நாட்டுல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க.

— எந்த நாட்டுல?

— செக் நாடு. ஜெர்மனிக்கு அங்கிட்டு. அறுநூறு வருசத்துக்கு முந்துன அவங்க சட்டம். கம்பெனில ரெண்டு மாசமா அந்தப் புத்தகம்தான் ஓடுது. ஸ்கேன் பண்ணும்போது எழுத்து தப்பா விழுந்திருந்தா நான் திருத்தணும்.

— சட்டக் காலேஜ மூணாவது வருசத்துல விட்டுட்டு ஓடியாந்தவருக்கு வாய்ச்ச வேலையப் பாரு.

— கேளு. ஒருத்தன் இன்னொருத்தனக் கொன்னுட்டான்னு வை. செத்தவனோட சொந்தக்காரன்தான் வழக்குப் போடணும். கோர்ட்டு ஆளு சந்தை நாளாப் பாத்து, கூட்டத்துக்கு நடுவுல நின்னு, கொன்னவன் பேரச் சொல்லிக் கத்துவான். கோர்ட்டுக்கு வராட்டி தோத்தான். அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அந்தச் சொந்தக்காரன் அவன வெட்டலாம். வெட்டி, கால்ல ஓட்டை போட்டு, குதிரை வால்ல கட்டி, பிராக் வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம். பிராக்தான் ராஜா இருந்த ஊரு.

— நிப்பாட்டுங்க. கேக்க முடியல.

— மூணே மூணு இடத்துல மட்டும் அவனத் தொடக்கூடாது. ஒண்ணு, ராணிக்கு முன்னால. ரெண்டு, ஒரு புனிதரோட கல்லறைல.

— மூணாவது?

— அவன் பொண்டாட்டி அவனக் கட்டிப் பிடிச்சிருந்தா. இல்லாட்டி, அவ துணியால அவன மூடியிருந்தா. அவ பிடிச்சிருக்குற வரைக்கும் எவனும் கை வைக்க முடியாது. கோட்டை வேண்டாம், காவல் வேண்டாம். அவ கை போதும்.

— அதான் காருக்கு என் சேலையப் போட்டீங்களாக்கும்.

— விளையாடாத, ஐரின்.

— விளையாடல. திங்கக்கிழமை அந்த வண்டிய ஓட்டிட்டுத்தான் நான் ஸ்கூலுக்கு வேலைக்குப் போகணும். அதுல உக்கார முடியுமா இனி? சரி, ஒண்ணு கேக்குறேன். பொம்பள கொன்னுட்டா? புருசன் அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா விட்டுருவாங்களா?

— எதுக்கு இப்ப அது?

— சும்மாதான் கேக்குறேன்.

— நான் திருத்துன பக்கத்துல அப்படி ஒண்ணும் வரல.

— வராது.

— ஐரின். பைக். இது தண்ணி வண்டி இல்ல.

— ரெண்டு. இல்ல, மூணு. நம்ம கேட்டுலதான் நிப்பாட்டுறாங்க. ஏசுவே.

— இங்க வா. என்னயப் பிடிச்சுக்க.

— அது அறுநூறு வருசத்துக்கு முந்தி. இது ஆனையூரு.

— எந்த ஊரா இருந்தா என்ன, பொம்பள மேல கை வைக்க மாட்டாங்க. அது ஒண்ணுதான் நமக்கு இருக்கு. நீ ஒட்டி நின்னா அரிவாள ஓங்க யோசிப்பாங்க. ப்ளீஸ்டி.

— ஒரு மனுசன் கைய ஊண்டுறதக் கண்ணாடில பாத்துட்டு வந்த ஆளப் பிடிக்க எனக்குக் கை வரல.

— கேட்டைத் திறக்குறாங்க, ஐரின். என்னயக் கொன்னுருவாங்க.

— வாங்க. வந்து தொலைங்க. அய்யோ. சட்டை பூரா நனைஞ்சு கிடக்கு.

— இறுக்கிப் பிடி.

— கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரரு கெஞ்சுனப்பகூட இம்புட்டுப் பக்கத்துல வரல நீங்க.

— கதவத் தட்டுறாங்க.

— நீங்க வாயத் திறக்காதீங்க, நான் பேசுறேன். யாரது?

— அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வாரோம்மா. எம்பேரு கருத்தக்கண்ணன். மொக்கையன் மகன்.

— அண்ணே, அவரு வேணும்னு செய்யல. விடிய விடிய வேலை பாத்த அசதி, தூங்கிட்டாரு. நிக்காம வந்தாரு பாருங்க, அதுக்கு மன்னிப்பே கிடையாது. நானே அவர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாரேன். கேஸு, ஜெயிலு, எதுன்னாலும் சரி. அடிச்சிர மட்டும் செய்யாதீங்கண்ணே. அவர நான் பிடிச்சிருக்கேன். விடமாட்டேன்.

— யாரைச் சொல்றம்மா நீயி?

— எங்க வீட்டுக்காரரத்தான்.

— அவர யாரு தேடுனா? பத்தரைக்குப் போன் போட்டப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டாரேம்மா. வண்டி எம்பொண்டாட்டி பேர்ல இருக்கு, ஓட்டிட்டு வந்ததும் அவதான், வீட்டுலதான் இருக்கா, பொம்பளைன்னு பாத்து விட்டுருங்கன்னு அந்த அழுகை அழுதாரு. பொம்பளை மேல நாங்க கை வைக்க மாட்டோம், அதான் எங்க அத்தையக் கூட்டியாந்திருக்கோம். நீ வெளிய வா தாயி.

— ஜெர்சன்.

— கைய விடு, ஐரின்.