திருவாதிரையின் இரண்டு எண்கள்

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு கணவனும் மனைவியும் ரயில் ஏறி என் எதிரில் அமர்ந்தார்கள். கணவர் கையில் மடக்கிய வெள்ளைக்கோல். மனைவியின் மடியில் நீளமான கறுப்புப் பை.

“செராங்கூன் ஸ்டேஷன்ல இத வாங்குற ஆள் வெயிட் பண்றார். டெலஸ்கோப்பக் குடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போயிடலாம்,” என்றார் மனைவி.

“குடுக்க வேணாமே. நான் எடம் சொல்றேன், நீ பாரு.”

“சும்மா இருங்க லா. கண்ணு தெரியாம எப்படி எடம் சொல்லுவீங்க?”

“ஊருக்கு லாட்டிட்யூட், லாஞ்சிட்யூட் இருக்குல்ல, அதே மாதிரி ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ரெண்டு நம்பர் இருக்கு. அது மாறாது. திருவாதிரை நம்பர் எனக்கு மனப்பாடம். டைம் மட்டும் நீ சொல்லு. வடக்குலேர்ந்து எவ்ளோ திருப்பணும், எவ்ளோ மேல தூக்கணும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லிடுவேன்.”

“அப்புறம்?”

“அது எப்படி இருக்குன்னு நீ எனக்குச் சொல்லணும்.”

ரயில் பூன் கெங் ஸ்டேஷனைத் தாண்டியது.

“எனக்கு ஒழுங்கா சொல்ல வராதுங்க.”

“நிறத்தச் சொல்லு, போதும். மிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

செராங்கூனுக்கு முந்தைய ஸ்டேஷனான உட்லீ வந்தபோது அந்தப் பெண் போனை எடுத்தார்.

“சாரி சார், டெலஸ்கோப் விக்கல. இல்ல சார், வெல பிரச்சினை இல்ல. வீட்டுல பாக்குறதுக்கு ஆள் இருக்கு.”