இட்லிப் பானையில் வெந்த இஞ்சின்

ராயபுரம் போகும் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஜன்னலோரத்துக்காரர் ஒரு புது இட்லிப் பானையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த சிநேகிதரிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்தேன்.

“நேத்து எங்க வூட்டு இட்லிப் பானைல இஞ்சினை அவிச்சேன் மாமு.”

“இன்னாது? அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இஞ்சினா?”

“அதோட அலுமினியக் கூடு மட்டும். புது பேரிங்கு உள்ள போவமாட்டேன்னுது. சுத்தியால தட்டினா கூடு புட்டுக்கும். ஆவில சூடு ஏறினா விரியும்ல? அப்டியே தொப்புனு உக்காந்துகிச்சு.”

“தங்கச்சி ஒண்ணும் சொல்லலியா?”

“அவதான் அடுப்பு ஊதினா. நான் மூடியைத் தொறக்கப் போனா, ‘இட்லிக்கே இவ்ளோ நேரம் பத்தாது, குந்துய்யா’ன்னு கைல தட்டினா.”

“வண்டி கெளம்புச்சா?”

“மூணாவது உதைல! தெரு பூரா பொகை.”

“அப்போ இன்னாத்துக்கு டிராம்ல வந்துகினு கீறே?”

“காலைல இட்லி பூரா ஆயில் நாத்தம். புதுப் பானை வந்தாதான் வண்டின்னு சொல்லி, பிளக்கைக் கழட்டி அஞ்சறைப் பெட்டில வெச்சுகினா. பிளக்கு இல்லாம வண்டி நவுருமா?”

“தங்கச்சிக்கு அதைக் கழட்ட எப்டித் தெரிஞ்சுது?”

அவர் பானையைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

“நான்தான் மாமு சொல்லிக் குடுத்தேன். இப்போ என்னைவிட சுளுவா கழட்றா.”